வெந்நீரும் வாடகை வீடும்

சிறு விஷயம் என்று நாம் அலட்சியம் செய்பவற்றுள் சில, ஆராய்ந்து பார்க்குமிடத்து, உயிரைப் பற்றிய பெரு விஷயங்களாக முடிவதுண்டு. வாடகை வீட்டின் ஸ்நான அறைச் சுவரில் மாட்டியிருக்கும் கீஸர் என்னும் வெந்நீர்க் கருவி அத்தகையது. அது ஒழுங்காக வேலை செய்யும் வரையில் அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பழுதான மறுநாளே, அதைச் செப்பனிடுவது யார் என்ற தகராறு வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையே மூண்டு விடுகிறது. "நான் கொடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது" என்கிறார் முன்னவர். "நான் வந்தபோதே அது கிழம்" என்கிறார் பின்னவர். விவகாரம் முடிவதற்குள் ஒரு மாரிக்காலம் கழிந்து விடுகிறது. அதுவரையில் பழுதான கருவியையே பயந்து பயந்து உபயோகிப்பவர்களும் உண்டு.

தேசத்தின் பெரிய பிரச்னைகளில் ஊக்கம் செலுத்தும் நமது நேயர்கள், 'இதையும் ஒரு பொது விஷயமாக எழுத வேண்டுமோ?' என்று வினவலாம். வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஏனெனில் இத்தகராறு இரண்டு தனி மனிதரின் சச்சரவு மட்டுமன்று. சட்டசபை இயற்றிய ஒரு சட்டத்தின் அட்டவணையில், இரண்டே சொற்களில், இதற்குத் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. அத்தீர்ப்பு நியாயமானதா என்பதே கேள்வி. 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி இந்தியாவின் நகரக் குடும்பங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை வாடகை வீடுகளில் வசித்தன. ஆகவே இக்கேள்வி லக்ஷக்கணக்கான குடும்பங்களைப் பற்றியது.

முன்காலத்தில் இத்தொல்லை இருந்ததில்லை. வெந்நீர் அடுப்பும் தவலையும் குடித்தனக்காரருடைய சொத்து. நடுவில் குழாய் வைத்த செம்புப் பாய்லர் வந்தபோதும் அப்படியே. வீடு மாறும்போது பாத்திரம் பண்டங்களுடன் பாய்லரும் வண்டியேறும். அடியில் ஓட்டை விழுந்தால் கன்னாரிடம் கொடுத்து அடைத்துக்கொள்வது உடையவர் பாடு. வீட்டுக்காரருக்கு அதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மின்சாரக் கீஸரோ சுவரில் திருகாணியிட்டு, குழாயுடனும் கம்பியுடனும் பிணைத்து, வீட்டின் ஓர் அங்கமாகிவிட்ட பொருள். அது இருப்பதைச் சொல்லி வீட்டுக்காரர் வாடகையைச் சற்று உயர்த்துகிறார். குடித்தனக்காரர் போனபின்னும் அது அங்கேயே இருக்கிறது. பொருள் ஒருவருடையது, உபயோகம் மற்றொருவருடையது என்ற நிலைமை ஏற்பட்டபோதே, பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் பிறந்தது.

இதற்குச் சட்டம் கூறும் விடை யாது? தமிழ்நாட்டில் 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, வீட்டுச் சொந்தக்காரர், குடியிருப்போர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்று 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்து மூலமாக இருக்க வேண்டும் என்றும், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும் விதித்தது இச்சட்டமே. இவை நல்ல விதிகள். ஆனால் இதன் இரண்டாவது அட்டவணையைப் படித்தவர்கள் சிலரே. பழுதுபார்க்கும் வேலைகளை அது இரு கூறாகப் பிரிக்கிறது. கட்டிடத்தின் பெரிய மராமத்து, சுவருக்கு வெள்ளையடித்தல், தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், உள்ளும் புறமுமுள்ள மின்சாரக் கம்பி வேலைகள் ஆகியவை வீட்டுக்காரர் தலையில். குழாயின் வாஷர் மாற்றுதல், சாக்கடை சுத்தம் செய்தல், சுவிட்சு, பிளக் இவற்றின் பழுது முதலியவை குடித்தனக்காரர் தலையில். இந்த இரண்டாவது ஜாபிதாவில்தான் 'கீஸர் பழுது' என்ற இரு சொற்களும் இடம் பெற்றிருக்கின்றன. அதை அடுத்தே 'சர்க்யூட் பிரேக்கர் பழுது' என்பதும் நிற்கிறது. மத்திய அரசாங்கத்தின் மந்திரிசபை 2021 ஜூன் மாதத்தில் அங்கீகரித்து, மாகாணங்கள் பின்பற்றுவதற்காக அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டத்திலும் இதே ஏற்பாடுதான்.

இதன் பலனை நேயர்கள் சிந்திக்க வேண்டும். பத்து வருஷம் உழைத்துத் தேய்ந்த ஒரு கருவி, புதிதாகக் குடிவந்தவரின் மூன்றாவது மாதத்தில் பழுதாகிறது. ஒன்பது வருஷம் ஒன்பது மாதத்துத் தேய்மானத்துக்குரிய செலவை மூன்று மாதம் உபயோகித்தவர் கொடுக்க வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும், புதுப்பித்த கருவியை வீட்டுக்காரருக்கு விட்டுவிட்டு அவர் போய்விட வேண்டும். இது ஒரு வினோதம். மற்றொன்று இன்னும் பெரியது. மின்சாரக் கம்பிகள் வீட்டுக்காரர் பொறுப்பு. அக்கம்பிகளையும் அவற்றைத் தொடுகிறவர்களையும் காக்கும் சர்க்யூட் பிரேக்கர் குடித்தனக்காரர் பொறுப்பு! களஞ்சியம் ஒருவருக்கு, காவற்காரனுக்குச் சம்பளம் கொடுப்பது மற்றொருவர் என்பது போன்ற ஏற்பாடு இது. காவல் குலைந்தால் கேட்பாரில்லை.

பணச் செலவு ஒன்றே விஷயமாக இருந்தால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. கீஸர் எவ்வாறு பழுதாகிறது என்பதை அறிந்தால்தான் அபாயத்தின் தன்மை விளங்கும்.

வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 15 லிட்டர் கீஸர் 2000 வாட் சக்தியுள்ளது. 25 டிகிரியில் உள்ள தண்ணீரை 60 டிகிரிக்குக் காய்ச்ச அதற்குச் சுமார் 18 நிமிஷமும், அரை யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்சாரமும் பிடிக்கும். அச்சமயத்தில் அது 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. 6 ஆம்பியருக்கென்று அமைத்த சிறு பிளக்கில் இதைச் சொருகினால் பிளக் உருகும். சில வேளை தீயும் பிடிக்கும். 16 ஆம்பியர் பிளக்கும் அதற்குத் தக்க பருமனுள்ள கம்பியும் அவசியம். பழைய வீடுகளில் கீஸரைப் பின்னால் சேர்த்தவர்கள், விளக்குக்குப் போட்ட கம்பியிலிருந்தே இணைப்பை இழுத்து விடுவதுண்டு. சுவருக்குள் மறைந்திருக்கும் இக்குற்றத்தைக் குடிவருகிறவர் எங்ஙனம் அறிவார்?

இரண்டாவது, தண்ணீரால் வரும் கேடு. சென்னையிலும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் ஆழ்கிணற்று நீரே வீடுகளுக்கு ஆதாரம். அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. காய்ச்சும்போது அது வெண்மையான உப்பாகப் பிரிந்து, காயில் என்று சொல்லப்படும் சூடேற்றும் குழலின் மீது ஓடுபோல் படிகிறது. உஷ்ணம் தண்ணீருக்குப் போகாமல் குழலிலேயே தங்குவதால், குழலின் மேலுறை வெடித்து, உள்ளிருக்கும் மின்சாரம் தண்ணீருடன் கலக்க ஏதுவாகிறது. தொட்டி துருப்பிடிக்காமல் காப்பதற்காக அதனுள்ளே மக்னீசியக் கோல் ஒன்று வைத்திருப்பார்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிக்கப்பட்டுத் தேய்ந்து போவதே அதன் வேலை. உப்பு நீருள்ள வீடுகளில் அதை வருஷந்தோறும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். மாற்றாவிடில் தொட்டியே ஓட்டையாகும். வாடகை வீட்டில் இந்தக் கோலைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? வருஷத்துக்கொருவராக மாறும் குடித்தனக்காரர்களில் எவருக்கும் அது தம் கடமை என்று தோன்றாது. தோன்றும்படி சொல்வாரும் இல்லை.

மூன்றாவது, பாதுகாப்புச் சாதனங்கள் ஓய்ந்து போவது. குறித்த உஷ்ணத்தில் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது தவறினால் இணைப்பைத் துண்டிக்க வேறொரு தடை உண்டு. அதுவும் தவறினால் நீராவியின் அழுத்தத்தை வெளியே விடுவது வால்வு. வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வருவதைக் கண்டு, ஒழுகல் என்று எண்ணி அதை அடைத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிட அபாயகரமான காரியம் வேறில்லை. வால்வு அடைபட்டு, மற்ற இரண்டும் பழுதுபட்டிருந்தால், தொட்டி குண்டுபோல் வெடிக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, எர்த் என்று மின்சாரத் தொழிலாளர் கூறும் பூமித் தொடர்பு. காயில் வெடித்துத் தண்ணீரில் மின்சாரம் கசிந்தாலும், எர்த் கம்பி செவ்வையாக இருந்தால் அது பூமிக்குப் போய்விடும். 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே இணைப்பைக் கண நேரத்தில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியும் இருந்தால், குளிப்பவர் உயிர் தப்புவார். இரண்டும் இல்லாத வீட்டில், ஈரக் கையால் குழாயைத் தொடுகிறவரின் தேகமே பூமித் தொடர்பாகிறது. மூன்று துளைப் பிளக்கைப் பார்த்து எர்த் இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இராத வீடுகள் உண்டு. 'சுவிட்சை நிறுத்திவிட்டுக் குளி' என்று பெரியோர் சொல்வது நல்ல புத்திமதியே. ஆயினும் சுவிட்சைத் தவறான கம்பியில் வைத்து இணைத்திருந்தால், நிறுத்திய பின்பும் காயிலில் மின்சாரம் நிற்கும். இக்குற்றங்கள் யாவும் குடித்தனக்காரர் செய்தவையல்ல. அவர் கண்ணுக்குத் தெரிபவையுமல்ல.

எரிவாயுக் கீஸரைப் பற்றியும் கூறாதிருக்க இயலாது. சென்னையில் இது குறைவாயினும், குளிர் மிகுந்த ஊர்களில் பெரிதும் வழங்குகிறது. ஒரு பங்கு எரிவாயு முழுதும் எரிவதற்கு ஏறக்குறைய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். கதவும் ஜன்னலும் சாத்திய சிறு ஸ்நான அறைக்குள் இக்கருவி எரிந்தால், காற்று போதாமல் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுதலுடன் அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. தலைவலியும் மயக்கமும் தோன்றி, தாழ்ப்பாளை நீக்க எழுவதற்குள் மனிதன் விழுந்து விடுகிறான். குளிக்கச் சென்ற இளம் தம்பதிகளும் குழந்தைகளும் இவ்வாறு மாண்ட செய்தி குளிர்காலந்தோறும் பத்திரிகைகளில் வருகிறது. பிழைத்தவர்களுள் சிலருக்கு மூளைக்கு ஏற்படும் கேட்டை நமது நாட்டு நரம்பு வைத்தியர்கள் தனி நோயாகவே வருணித்து வைத்திய சஞ்சிகைகளில் எழுதியிருக்கிறார்கள். இக்கருவியைக் காற்றோட்டமான வெளியிடத்தில் வைத்து, வெந்நீரை மட்டும் குழாய் மூலம் உள்ளே கொண்டுவர வேண்டும். எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவர் வீட்டைக் கட்டியவரே; குடித்தனக்காரர் அல்லர்.

பிற தேசத்தார் இதை எவ்வாறு வகுத்திருக்கிறார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. இங்கிலாந்தில் 1985-ம் வருஷத்து வீட்டுக்காரர், குடித்தனக்காரர் சட்டத்தின் 11-வது பிரிவு, ஏழு வருஷத்துக்குக் குறைந்த குத்தகைகளில், வெந்நீர் காய்ச்சும் சாதனத்தைப் பழுதின்றி வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை என்று விதிக்கிறது. அப்பொறுப்பை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக் குடித்தனக்காரர் மேல் தள்ளிவிடவும் இயலாது. எரிவாயுக் கருவிகளை வருஷத்துக்கொரு முறை தகுதி பெற்றவரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டுமென்பது அங்கே 1998-ம் வருஷத்து விதி. மின்சார அமைப்பை ஐந்து வருஷத்துக்கொரு முறையேனும் பரிசோதிக்க வேண்டுமென்பது 2020-ல் ஏற்பட்ட விதி. நியூயார்க் நகரத்திலோ வருஷம் 365 நாளும் 120 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணமுள்ள வெந்நீரை வீட்டுக்காரர் கொடுத்தாக வேண்டும். அவை குளிர்ப் பிரதேசங்கள், வெந்நீர் அங்கே இன்றியமையாதது என்று சிலர் சொல்லக்கூடும். உண்மையே. வெந்நீர் நமக்கு அவ்வளவு அவசியமன்று என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மின்சாரத்தால் சாகாமலிருப்பது எந்தச் சீதோஷ்ணத்திலும் அவசியமன்றோ?

நமது நாட்டிலேயே இதற்கு அனுகூலமான பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு, சொத்தில் உள்ள முக்கியமான குறை தமக்குத் தெரிந்திருந்து, குடிவருகிறவருக்குத் தெரியாமலும், சாதாரண எச்சரிக்கையால் கண்டுபிடிக்க முடியாமலும் இருந்தால், அதை வெளிப்படுத்துவது வீட்டுக்காரர் கடமை என்கிறது. குடித்தனக்காரர் வீட்டை முன்பிருந்த நிலைமையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கூறும்போதும், நியாயமான தேய்மானத்துக்கு அவரைப் பொறுப்பாக்குவதில்லை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட இந்தச் சட்டத்தின் தத்துவம் தெளிவானது: மறைந்த குறை உடையவருடையது, தேய்மானமும் உடையவருடையது. 'கீஸர் பழுது' என்ற இரு சொற்கள், தேய்மானத்தால் வந்ததா, அஜாக்கிரதையால் வந்ததா என்று பிரித்துப் பாராமல், யாவற்றையும் குடித்தனக்காரர் கணக்கில் எழுதிவிட்டன.

வீட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. இரவு முழுவதும் சுவிட்சைப் போட்டு வைக்கிறவர்கள், தண்ணீர் வராத வேளையில் வெறும் தொட்டியைக் காய்ச்சுகிறவர்கள், பிறர் பொருள்தானே என்று முரட்டுத்தனமாகக் கையாளுகிறவர்கள் குடித்தனக்காரருள் உண்டு. ஓய்வுச் சம்பளத்துடன் ஒரு சிறு வீட்டின் வாடகையையும் நம்பி ஜீவிக்கும் முதியவரை ஒவ்வொரு வருஷமும் புதுக் கீஸர் வாங்கச் சொல்வது தர்மமாகாது. நாம் அவ்வாறு சொல்லவுமில்லை. அஜாக்கிரதையால் வந்த சேதத்தை அதைச் செய்தவர் கொடுக்கட்டும். வருஷாந்தர உப்புச் சுத்தம் போன்ற சில்லறை வேலைகளையும் உபயோகிப்பவரே ஏற்கட்டும். ஆனால் வயதால் வந்த பழுதும், கம்பி, எர்த், வால்வு, கசிவுத் தடை ஆகிய உயிர்க்காவல் விஷயங்களும் உடையவர் பொறுப்பாக வேண்டும். ஒரு பொருளைக் காட்டி வாடகை வாங்குகிறவர், அப்பொருள் கொல்லாது என்பதற்கு உத்தரவாதம் தர வேண்டும் என்பதைக் காட்டிலும் எளிய நியாயம் எது?

ஆகவே, சட்டத்தில் மூன்று திருத்தங்கள் தேவை. முதலாவது, வீட்டுக்காரர் பொருத்திக் கொடுத்த கீஸரும் சர்க்யூட் பிரேக்கரும் தேய்மானத்தால் பழுதானால், அவற்றை மாற்றும் பொறுப்பு அட்டவணையின் முதற் பகுதிக்குச் செல்ல வேண்டும். இரண்டாவது, புதிய குடித்தனம் தொடங்குமுன் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் செவ்வையாக உள்ளன என்று லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த சான்று, வாடகை ஒப்பந்தத்துடன் இணைக்கப்பட வேண்டும். மூன்றாவது, வாடகைக்கு விடும் வீடுகளில் ஸ்நான அறைக்குள்ளே எரிவாயுக் கீஸர் வைப்பதை அறவே தடுக்க வேண்டும். இவற்றால் சர்க்காருக்குப் பெருஞ் செலவு ஒன்றுமில்லை. அட்டவணையில் சில வரிகளை மாற்றினால் போதும்.

சட்டம் திருந்தும் வரையில் ஜனங்கள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. 2021-ம் வருஷத்து மாதிரிச் சட்டத்தின் அட்டவணைப் பிரிவினை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரையில் செல்லும் என்ற அடிப்படையில் அமைந்தது. எனவே ஒப்பந்தம் எழுதும்போதே நான்கு வரிகளைச் சேர்த்துக்கொள்வது விவேகம். கீஸர் எந்த வருஷத்தில் வாங்கியது, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா, கடைசியாக எப்போது சுத்தம் செய்தது, தேய்மானப் பழுதுக்கு யார் செலவு என்ற நான்குமே அவை. குடிபுகும் தினத்தில் ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பரிசோதிக்கும் கூலி, ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவை அதிகம் தாண்டாது. குழாயைத் தொடும்போது சிறிது 'சுர்' என்றாலும் அதை வேடிக்கையாக எண்ணாமல், அன்றே மெயின் சுவிட்சை நிறுத்தி, வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வாய்ச்சொல் தகராறில் நிற்காது, எழுத்து நிற்கும்.

பொது வேலையில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வீடில்லாதவர் குறைகளைப் பற்றி மேடைகளில் பேசுகிறோம். வாடகை வீட்டில் இருப்பவருக்கு வீடு இருப்பதாகவே எண்ணி அவரை மறந்து விடுகிறோம். அவர் ஓரிடத்தில் நிலையாக இராதவர். பேட்டை மாறும்போது வாக்காளர் பட்டியலிலிருந்தே பெயர் விட்டுப் போகிறவர். ஆகையால் அவர் குறையைக் கேட்க எவருக்கும் அவசரமில்லை. ஒவ்வொரு பேட்டையிலும் உள்ள குடியிருப்போர் சங்கங்கள் இத்திருத்தங்களை எழுதித் தம் தொகுதிச் சட்டசபை அங்கத்தினரிடம் கொடுக்கட்டும். அட்டவணையை அவர் படித்திருக்கிறாரா என்று கேட்கட்டும். பெரும்பாலும் படித்திருக்க மாட்டார். அவரைப் படிக்கச் செய்வதே முதல் வேலை.

வெந்நீர் ஒரு சௌகரியம். அதை விலை கொடுத்துப் பெறலாம். குளிக்கப் போனவர் உயிருடன் திரும்பி வருவது சௌகரியமன்று, உரிமை. அந்த உரிமையைக் குழாய் வாஷருக்கும் சாக்கடைச் சுத்தத்துக்கும் அடுத்த வரியில் எழுதி வைத்திருக்கும் அட்டவணை திருத்தப்பட வேண்டும். மாரிக்காலம் வருமுன் இதற்கான முயற்சி தொடங்குவதே உசிதம்.